கண்ணாடி இல்லாத மேயர்

ஜூலை 7, ஞாயிறு

முப்பத்து நான்கு வருஷம் வார்டில் ரிப்போர்ட் எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த நோட்டு.

நோயாளி பெயர்: ஆவுடையம்மாள். வயது: அறுபத்து மூன்று. தென்காசிப் பக்கம் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். தற்சமயம் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில், ஆல்டன்பரி என்கிற சிற்றூரில் மகன் வீட்டில் அட்மிட் ஆகியிருக்கிறாள். டிஸ்சார்ஜ் செப்டம்பர் இருபது. காய்ச்சல் இல்லை. பசி உண்டு. நோய்: பொழுது போகவில்லை.

மகன் நெல்லையப்பனும் மருமகள் மிருதுளாவும் ஏழரை மணிக்குக் கார் ஏறினால் ஆறு மணிக்குத்தான் வருவார்கள். அதுவரைக்கும் நானும், மிருதுளாவின் பூனையும், ஹாலில் அந்தக் கரண்டுப் படச்சட்டமும். பத்து நொடிக்கு ஒரு படம் மாறும் சட்டம் அது. கல்யாணம், நயாகரா, பூனை, மறுபடி பூனை. எப்போதாவது ஒருமுறை அவர் வருவார். என் வீட்டுக்காரர், சங்கரலிங்கம். போய் நான்கு வருஷம் ஆகிறது. ஊரில் இருந்தவரை குளித்ததும் அவர் படத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டுத்தான் எனக்குக் காபி. இங்கே நேரே காபிதான். பழகிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது! சம்பளம் கிடையாது, அதனால் யாரும் பயப்பட வேண்டாம்.

நடக்கப் போன வழியில் ஒரு பழைய செங்கல் வீடு. வாசலில் ஒரு அம்மாள் ஏணியில் ஏறிக் கூரைத் தகரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஏணி ஆடுகிறது. பார்த்துக்கொண்டு போக எனக்கு மனசு வருமா? ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். இறங்கியதும் கையைக் குலுக்கினார். மார்ஜரி. எழுபத்திரண்டு வயது, முன்னாள் பள்ளிக்கூட டீச்சர். அந்த வீடுதான் ஊரின் மியூசியம். சாவி அவர் இடுப்பில். செவ்வாயும் வெள்ளியும் திறப்பார். பார்க்க வருகிறவர்களைவிட ஒழுகுகிற இடங்கள் அதிகம்.

"உங்க பேரு என்ன?" என்றார். சொன்னேன். மூன்று தடவை முயன்றார். கடைசியில், "ஆடின்னு கூப்பிட்டுக்கிடட்டா?" என்றார். ஆடி மாசம் பிறக்கப் போகிறது, இருக்கட்டும் என்றேன். (இவர்கள் ஆங்கிலத்தில் பேசுவதை என் காதில் விழுகிறபடி எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். எழுபத்திரண்டு வயதுக்காரியை வெறும் மார்ஜரி என்று எழுதக் கை கூசுகிறது. இனி மார்ஜரியக்கா.)

தூசி தட்ட ஆள் இல்லையாம். நான் வருகிறேன் என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னதும் மகன் தட்டை வைத்துவிட்டான்.

"எம்மா, நீ வந்திருக்கது விசிட்டர் விசா. சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கதுக்கும் விசா குடுக்காங்களாலே?"

மிருதுளா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பிறகு அவனே ராத்திரியோடு ராத்திரியாகக் கம்ப்யூட்டரில் விசா ஆபீஸ் விதிகளைத் தேடிப் படித்து, சம்பளமில்லாத உதவிக்குத் தடையில்லை என்று தெரிந்துகொண்டு வந்தான். அப்பாவைப் போல எதையும் எழுத்தில் பார்த்தால்தான் தூக்கம்.

ஜூலை 12, வெள்ளி

இன்றுதான் மேயரைப் பார்த்தேன்.

முன் ஹாலில் கணப்படுப்புக்கு மேலே, ஆள் உயரத்தில் முக்கால்வாசி, எண்ணெய் வண்ணப் படம். ஹைரம் ஸ்டாக்ஃபோர்டு. 1849இல் இந்த ஊர் மேயர். கறுப்புக் கோட்டு, உயர்ந்த காலர், அகன்ற நெற்றி. படம் முழுக்கப் புகை படிந்து, கடுங்காப்பியில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறது. வலது கை இருட்டுக்குள் எதையோ பிடித்திருக்கிறது. மியூசியம் புத்தகத்தில் "பதவிச் சுருள்" என்று போட்டிருக்கிறது. ஓவியர் ஊர் ஊராகப் போய்ப் படம் எழுதுகிறவராம். முகத்தை நன்றாக எழுதியிருக்கிறார். கைவிரல்கள் முருங்கைக்காய்.

மேயருக்குக் கழுத்தில் தைராய்டு வீக்கம். காலர் போட்டு மறைத்தாலும் என் கண்ணுக்குத் தப்புமா? மார்ஜரியக்காவிடம் சொன்னேன். நாற்பது வருஷமாகப் பார்க்கிறாராம், இதைக் கவனித்ததே இல்லையாம்.

"ஆடி, ஒண்ணே ஒண்ணு. படத்த மட்டும் தொட்டுராதீங்க. இந்தப் பிரஷ்ஷால சட்டத்தத் தட்டுனாப் போதும்" என்றார்.

நான் என்ன சின்னப்பிள்ளையா?

ஜூலை 16, செவ்வாய்

தூசி. தூசி. தூசி. மதியம் லெமன் சாதம். மார்ஜரியக்கா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 23, செவ்வாய்

மேயர் கதை முழுவதும் கேட்டேன். கேட்டதிலிருந்து அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு இது.

1849 கோடையில் ஊரில் காலரா. தோல் பதனிடும் கொட்டகைக்குப் பக்கத்தில் பொதுக் கிணறு. அங்கே நாற்றம் அடிக்கிறது, அந்த நாற்றத்தில்தான் நோய் வருகிறது என்று மேயர் கிணற்றைப் பலகை வைத்து மூடச் சொன்னார். நாற்றத்தில் காலரா வராது. தண்ணீரில் வரும். அது அப்போது யாருக்கும் தெரியாது. காரணம் தப்பு, காரியம் சரி. ஊர் சும்மா விடுமா? ஜன்னலில் கல் எறிந்தார்கள். ஒரு வேலையாளும் கிணற்றை மூட வரவில்லை. ஆனால் ஒருநாள் காலை பார்த்தால் கிணறு மூடிக் கிடந்தது. யார் பலகை அடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாதாம். அதன் பிறகு நோய் குறைந்தது. மேயர் மட்டும் நோயாளிகளுக்குப் பக்கத்திலேயே இருந்து, தானும் வாங்கிக்கொண்டு, ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி போய்ச் சேர்ந்தார். படம் எழுதிய ஓவியர் ஊருக்குள் மாட்டிக்கொண்டு, தங்க இடம் கொடுத்த மேயருக்கு நன்றியாக அந்த ஜூலையில் எழுதியதுதான் இது.

எனக்கும் காலரா வார்டு தெரியும். ஒரு கோடையில் தரையில் பாய் போட்டு நாற்பத்தோரு பேர். குடத்தில் உப்பும் சர்க்கரையும் கரைத்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். அந்த நாளில் நான் போயிருந்தால் இவரைப் பிழைக்க வைத்திருப்பேன். சத்தியமாக.

"ஆகஸ்ட் பதிமூணுக்கு இங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"என்ன செய்யணும்?" என்றார் மார்ஜரியக்கா.

ஒன்றுமே செய்ய மாட்டார்களாம். ஒரு பூகூடக் கிடையாதாம். ஊருக்காக உயிரை விட்டவருக்கு!

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வளர்பிறை பஞ்சமி. அவருடைய திதி.

வடை, பாயசம் செய்தேன். காலையில் நெல்லை அவசரமாக இரண்டு வடையை வாயில் போட்டுக்கொண்டு, "என்னம்மா விசேஷம்?" என்றான். "சும்மாதாம்லே" என்றேன். அவனுக்குப் பெரிய மீட்டிங். நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை.

அவர்கள் போன பிறகு சந்தனம் இழைத்துக்கொண்டு அந்தக் கரண்டுச் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். நயாகரா. பூனை. கல்யாணம். பூனை. நாற்பது நிமிஷம் கழித்து அவர் வந்தார். விரலைக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். உயிரோடு இருக்கும்போதும் இப்படித்தான், வீட்டில் கால் தரிக்காது.

இரண்டாம் முறை வந்தபோது விடவில்லை, தொட்டுவிட்டேன். தொட்டதும் படம் நின்றது. அடியில் எழுத்து வந்தது: "இந்தப் படத்தை நீக்கவா?"

பயந்துபோய் விரலை எடுத்துவிட்டேன். இழைத்த சந்தனத்தைச் சிமிழில் போட்டு மூடினேன். பாயசம் கொஞ்சம் தித்திப்புக் கூடிவிட்டது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மனசுக்குத் திருப்தியான நாள்.

மார்ஜரியக்கா தபாலாபீசுக்குப் போயிருந்தார். ஹாலில் நானும் மேயரும். தோட்டத்துச் சாமந்தி நான்கு கொண்டுபோய் அடுப்பு மேடையில் வைத்தேன். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிச் சட்டத்தைத் தட்டினேன். இறங்கப் போகும்போது முகத்துக்கு நேரே முகம். நூற்று எழுபத்தைந்து வருஷமாக ஒருவரும் ஒரு பொட்டு வைக்காத நெற்றி. கைப்பையில் சிமிழ் இருந்தது. கிறிஸ்தவர், குங்குமம் வேண்டாம், சந்தனம் மட்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் விரல் வைத்துவிட்டது.

கண்ணாடி சில்லென்று இருக்கும் என்று விரல் எதிர்பார்த்தது போல. இருக்கவில்லை. துணிபோல மெத்தென்று உள்வாங்கியது. கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

பொட்டு வைப்பது, தொடுவதில் சேராது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மழை. எழுதுவதற்கு ஒன்றுமில்லை. ரசம் நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 17, சனி

நேற்று எழுதியது பொய். ரசமும் நன்றாக வரவில்லை.

நேற்று மியூசியம் கமிட்டித் தலைவர் டக்ளஸ், கூரை ஒழுகலைப் பார்க்க வந்தார். வீடு நிலம் விற்கிறவர். சிரிப்புக்கூட அளந்து சிரிப்பார். ஹாலுக்குள் வந்தவர் மேயருக்கு முன்னால் நின்றுவிட்டார். சந்தனம் காய்ந்து வெளுத்து, விளிம்பெல்லாம் பொருக்காகி நிற்கிறது.

"மார்ஜரி, இது பூஞ்சை."

மார்ஜரியக்கா கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"போன வாரம் இல்லியே..."

"கூர ஒழுகுது, ஈரம் ஏறுது, மேயர் மூஞ்சியில பூஞ்சை பூக்குது. இத இதுக்கு மேல நீங்க வச்சிப் பாக்க முடியாது. பெரிய நகரத்து மியூசியத்துலேருந்து ரொம்ப நாளாக் கேக்காங்க. இருபத்து நாலாந் தேதி கமிட்டி கூடுது. படத்தக் குடுத்துருவோம். சாவியையும் அன்னிக்கே வாங்கிக்கிடுதேன்."

நான் அங்கேதான் நின்றேன், பிரஷ்ஷும் கையுமாக. வாயைத் திறந்தேன். வரவில்லை. எத்தனை பெரிய டாக்டர்களிடம் சண்டை போட்ட வாய்! மியூசியத்துக்குப் பின்னால் போய் மார்ஜரியக்கா அழுதார். அப்போதும் வரவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தேன். செய்தவளே தடவிக் கொடுப்பதைப்போல அசிங்கம் வேறு உண்டா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நெல்லையிடம் சொல்லிவிட்டேன். தோசை திருப்பியபடியே சொன்னேன். முகம் பார்க்காமல் சொல்ல அது தோது.

"எம்மா! நூத்தெழுபத்தஞ்சு வருஷத்துப் படத்துலயா? சந்தனமா?"

"குங்குமம் வைக்கல."

"பெரிய ஒத்தாசை!" தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "இது வேணும்னே நாசம் பண்ணுனதுன்னு கேஸாகும்மா. என் கிரீன் கார்டு பாதியில நிக்கி. ஒரு மாசம். வாய மூடிட்டு இருந்துட்டு ஊருக்குப் போயிரு. பூஞ்சைன்னு நெனச்சிக்கிட்டா நெனச்சிக்கிட்டுப் போறாங்க."

"அந்தப் பொம்பளைட்ட சாவிய வாங்கிருவாங்கலே."

"உம் மகனப் பத்தி யோசிச்சியா?"

யோசித்தேன். அதனால்தான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், தூங்காமல்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மியூசியம் போனேன். மார்ஜரியக்கா பொருள்களுக்கெல்லாம் பட்டியல் எடுக்கிறார். பழைய இஸ்திரிப் பெட்டி, பட்டன் டப்பா, யாருடையதோ பொய்ப்பல். ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து வைக்கிறார். "நாப்பது வருஷம் ஆடி, என் வீட்டுக்காரர் போனப்பறம் இதுதான் எனக்கு வீடு" என்றார். சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. "டீ போடட்டா?" என்று கேட்டேன். சீ!

மேயரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

குழம்பு தீய்ந்துவிட்டது. மிருதுளா ஜன்னலைத் திறந்துவிட்டு, என் தோளைத் தட்டினாள். பிறகு மெல்ல, "அத்தே, நாளைக்கு மீட்டிங் பத்து மணிக்கு. அவர் கார் எடுக்கலன்னா நான் கொண்டு விடுதேன்" என்றாள்.

இந்தப் பிள்ளையை நான் நல்லபடியாகத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதி வைக்கிறேன். தேர்ந்தெடுத்தது அவன்தான். இருந்தாலும்.

ஆகஸ்ட் 24, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

நெல்லை என்னோடு பேசவில்லை. மிருதுளாதான் கொண்டுபோய் விட்டாள். ஹாலில் கமிட்டிக்காரர்கள் ஏழு பேர், ஊர்க்காரர்கள் முப்பது பேர். மார்ஜரியக்கா முன்வரிசையில், சாவிக்கொத்து மடியில். மேயர் எல்லோருக்கும் மேலே, நெற்றியில் என் சந்தனத்தோடு.

டக்ளஸ் பூஞ்சையைப் பற்றிப் பேசினார். ஈரத்தைப் பற்றிப் பேசினார். பொறுப்பைப் பற்றிப் பேசினார். "யாருக்காவது எதுவும் சொல்லணுமா?" என்றார். சும்மா கேட்டதுதான், அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார்.

எழுந்தேன். வீட்டில் பாத்ரூம் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த ஆங்கிலம் முழுவதும் ஓடிப்போய்விட்டது.

"பூஞ்சை இல்ல. நான். நான்தான் வச்சேன்."

எல்லோரும் திரும்பினார்கள். என் சேலையைப் பார்க்கிறார்கள், என் நெற்றியைப் பார்க்கிறார்கள், மேயர் நெற்றியைப் பார்க்கிறார்கள். டக்ளஸ், "என்ன வச்சீங்க? எதுக்கு?" என்றார். எதுக்கு என்பதற்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

அப்போது பின்னாலிருந்து, "சொல்லும்மா. தமிழ்ல சொல்லு. நான் அவங்களுக்குச் சொல்லுதேன்."

வாசற்படிக்குப் பக்கத்தில் நிற்கிறான். எப்போது வந்தானோ தெரியாது. சட்டைப் பித்தான் மாற்றிப் போட்டிருக்கிறான்.

சொன்னேன். காலரா வார்டைச் சொன்னேன். ஊருக்காகச் செத்தவருக்கு ஒரு பூகூட இல்லை என்று மனசு கேட்கவில்லை என்று சொன்னேன். எங்கள் ஊரில் படத்துக்குக் கண்ணாடி இருக்கும், வைத்தால் துடைத்துவிடலாம், விரலுக்கு அதுதான் பழக்கம் என்று சொன்னேன். மார்ஜரியக்கா தொடாதே என்றார், நான்தான் மீறினேன், அவரிடம் சாவியை வாங்காதீர்கள், என்மேல் என்ன கேஸ் போடுவதானாலும் போடுங்கள் என்று சொன்னேன். அவன் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னான்.

முடிந்தது என்று உட்காரப் போனேன். அவன் நிறுத்தவில்லை. "எங்கம்மா தினமும் எங்கப்பா படத்துக்கு இதே மாதிரி வைப்பாங்க. இந்தப் பொட்டு வைக்கதுக்கு நாலு நாளைக்கு முந்திதான் எங்கப்பா நெனவு நாளு. நான் மறந்துட்டேன். என் வீட்ல அவங்க பொட்டு வைக்கதுக்கு ஒரு படம் கெடையாது" என்றான்.

நான் அதைச் சொல்லச் சொல்லவே இல்லை. அதிகப்பிரசங்கி.

யாரும் என்னை ஜெயிலில் போடவில்லை. படங்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு பெண்ணை வரவழைத்து, அவள் சொல்கிறபடி முடிவு செய்வது என்று தள்ளி வைத்தார்கள். ஆனால் மார்ஜரியக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வரும்போது மட்டும், "என்னைய ஒரு வாரம் அழ விட்டுட்டீங்களே ஆடி" என்றார்.

அது சரிதான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மியூசியம் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

படவைத்தியர் வந்திருக்கிறாள், நீங்களும் இருக்க வேண்டுமாம் என்று போன் வந்தது. குற்றவாளியை அழைத்துப்போகிற மாதிரி நெல்லையே அழைத்துப் போனான், லீவு போட்டுவிட்டு.

பெயர் இங்க்ரிட். முப்பது வயதிருக்கும். தலையில் விளக்கு கட்டிய பூதக்கண்ணாடி. படத்தை இறக்கி மேசையில் கிடத்தியிருந்தாள். ஆப்பரேஷன் தியேட்டர் தோற்றது. குனிந்து மேயர் நெற்றியை மோந்து பார்த்தாள்.

"ஆஹா! இவ்வளவு வாசனையான கறைய நான் பாத்ததே இல்ல."

பூஞ்சை இல்லை. அந்தச் சுவர் காய்ந்த சுவர், ஒழுகல் பின்கட்டில். எல்லாவற்றையும் டக்ளஸிடம் புட்டுப்புட்டு வைத்தாள். பிறகு குச்சியில் பஞ்சு சுற்றி, அதை நேரே தன் வாயில் வைத்தாள்!

நாக்கில் நனைத்து, எடுத்து, மேயர் நெற்றியில் உருட்டினாள்.

"ஐயையோ, எச்சி!" என்று கத்திவிட்டேன். நெல்லை என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எச்சில் அழுக்கத்தான் கரைக்கும், வண்ணத்தத் தொடாது. பெரிய பெரிய மியூசியத்துலயும் இதத்தான் செய்யுதோம். வாயிலயே மருந்து இருக்கும்போது வேற எதுக்கு?" என்றாள் சாவகாசமாக.

நான் சந்தனம் வைத்தது குற்றம். இவள் எச்சில் தொட்டுத் துடைப்பது வைத்தியம். அமெரிக்கா!

சந்தனம் போய்விட்டது. அதோடு அந்த இடத்தில் படிந்திருந்த நூற்று எழுபத்தைந்து வருஷக் கரிப்புகையும் போய்விட்டது. கறுத்த நெற்றியில் ஒரு பத்து ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். முன்னால் இருந்தது காய்ந்த பொட்டு. இது நிரந்தரப் பொட்டு.

முதலில் சிரித்தது மார்ஜரியக்கா. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்ததும் எனக்கும் வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

"இப்படியே எப்படித் தொங்க விடுறது?" என்றார் டக்ளஸ்.

"விட முடியாது. முழுப் படத்தையும் துடைக்கணும். இங்கயே வச்சித்தான். இந்தச் சுவருலயே இருந்து பழகுன படம், இதத் தூக்கிட்டு ஊர் ஊராப் போனாத்தான் கெட்டுப்போகும்" என்றாள் இங்க்ரிட்.

டக்ளஸ் மார்ஜரியக்காவிடம், "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

இங்க்ரிட் பஞ்சு சுற்றுகிற லட்சணத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தளர்வாகச் சுற்றுகிறாள், பாதியில் அவிழ்கிறது. "இங்க குடு" என்று வாங்கி, ஐந்து நிமிஷத்தில் இருபது குச்சி உருட்டிப் போட்டேன். வாயைப் பிளந்துவிட்டாள். "எங்க படிச்சீங்க?" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் காதுக்கும் தொண்டைக்கும் புண்ணுக்கும் உருட்டிய கை இது. எனக்குப் பதவி உயர்வு: தூசியிலிருந்து பஞ்சுக்கு.

மார்ஜரியக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அவருடையது கத்தரிக்காய் மாதிரி வருகிறது. பழையபடி பேசுகிறோம். ஒரு வாரம் அழவிட்டதை மட்டும் அவ்வப்போது சொல்லிக் காட்டுகிறார். சொல்லட்டும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நானூறு குச்சி தாண்டியாயிற்று. நெற்றி முடிந்தது, கன்னம் முடிந்தது. மேயருக்கு நீலக் கண்! மூக்கில் மச்சம்! ஊர்க்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். லெமன் சாதம் பெரிய டப்பாவில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

இன்று இங்க்ரிட், "காதோரம் ஒரு இடம் நீங்க பண்ணுங்க" என்று குச்சியைக் கொடுத்தாள். மாட்டவே மாட்டேன் என்றேன். பெரிய மனிதருக்கு என் எச்சிலா? "ஒரு தடவ" என்றாள். எல்லோரும் பார்க்கிறார்கள். நாக்கில் நனைத்து மெல்ல உருட்டினேன். கறுப்பு பஞ்சில் ஏறியது, காதோரம் வெளுத்தது.

பள்ளிக்கூடம் போகுமுன் நெல்லை நெற்றியில் திருநீறு அப்பிக்கிடக்கும். பெருவிரலை நாக்கில் தொட்டு ஓரத்தைத் துடைத்துவிடுவேன். "எச்சி பண்ணாதம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடுவான். காதோரத்தை ரொம்ப நேரம் துடைத்துவிட்டேன் போல. இங்க்ரிட் குச்சியை வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இன்று வலது கை. அந்தப் பதவிச் சுருள்.

அது சுருள் இல்லை. மூன்று மணிக்கு இரும்பு தெரிந்தது. நான்கு மணிக்கு மரக்காம்பு தெரிந்தது. மேயர் கையில் இருப்பது சுத்தியல்!

மார்ஜரியக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "கெணத்த மூடுனது அவரேதான். ஒருத்தனும் வரல, அவரே போயி ஆணி அடிச்சிருக்காரு. அடிச்சிட்டு, 'நாந்தான் அடிச்சேன்'னு சொல்லிப் படத்துல உக்காந்திருக்காரு. நாம சுருளுன்னு எழுதி வச்சிருக்கோம்!"

ஊரே ஜன்னலில் கல் எறிந்துகொண்டிருந்தபோது சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர். எனக்கு ஒரு சபையில் எழுந்து நிற்க ஒரு வாரம் ஆனது.

டக்ளஸ் வந்து பார்த்தார். முழுச் சிரிப்புச் சிரித்தார், அளக்காமல். இனி ஒவ்வொரு ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதியும் மேயருக்குப் பூ வைப்பதென்று அங்கேயே முடிவானது. "மேடையில. நெத்தியில இல்ல" என்றார் என்னைப் பார்த்து.

செப்டம்பர் 19, வியாழன்

நாளை விமானம். மார்ஜரியக்கா வந்து கட்டிப்பிடித்து ஒரு பொட்டலம் கொடுத்தார். அவர் உருட்டிய பத்து பஞ்சுக் குச்சிகள். பரவாயில்லை, இப்போது வெண்டைக்காய் அளவுக்கு வந்திருக்கிறது.

சாயங்காலம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் டிரில் சத்தம். நெல்லைக்கு ஆணி அடிக்க வராது, சுவர் முழுக்க ஓட்டையாக்குவான் என்று நினைத்துக்கொண்டேன். "எம்மா, இங்க வா" என்றான்.

போனேன். கரண்டுச் சட்டம் இருந்த இடத்தில் அது இல்லை. சுவரில் அவர். பெரிய படம், மரச்சட்டம். அந்த நீலச் சட்டை போட்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகத்தோடு. நான் பழக்கதோஷத்தில் காத்திருந்தேன். பத்து நொடி ஆனது, இருபது நொடி ஆனது. அவர் போகவில்லை.

மிருதுளா சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். கட்டியாக இழைத்திருந்தாள், பழக்கம் இல்லை. நெல்லை விரல் முட்டியால் படத்தை 'டொக் டொக்' என்று தட்டிக் காட்டினான்.

"கண்ணாடி போட்டிருக்கேம்மா. தைரியமா வை."

வைத்தேன். சில்லென்று இருந்தது. எனக்குக் கண் மறைத்துவிட்டது, பொட்டு கொஞ்சம் கோணல்தான்.

"நீ போனப்பறம் நான் வைக்கேன்" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். டிரில் போட்ட சுண்ணாம்புத் தூள் அவன் நெற்றியெல்லாம் அப்பியிருந்தது. பெருவிரலை நாக்கில் தொட்டேன், நினைத்துச் செய்யவில்லை, விரல் அதுவாகவே போனது. நாற்பது வயது ஆண்பிள்ளை. கத்தவில்லை, ஓடவில்லை. எனக்கு எட்டும்படி தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றான்.